பதினோராம் நம்பர்

மாத்தளையைப் பார்க்கவென்றே புறப்பட்டு வருகிற வெள்ளைக்காரர் குறைவு. கண்டியில் தலதா மாளிகையைப் பார்த்துவிட்டு சிகிரியாவுக்குப் போகிற வழியில் மாத்தளை கிடக்கிறது. வேன் நிற்கும். இறங்கிக் கால் நீட்டுவார்கள், கழிவறைக்குப் போவார்கள், ஒரு மணித்தியாலம் ஸ்பைஸ் கார்டன் ஒன்றைச் சுற்றிப் பார்ப்பார்கள், ஏறிப் போய்விடுவார்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் முப்பத்தொரு வருசம் வேலை செய்தவர் ரவூப்.

பலாபத்வெலப் பக்கம், பெரிய ரோட்டோரத் தோட்டம் ஒன்றில் அவர் வழிகாட்டி. வெள்ளைச் சேர்ட், மடிப்புக் கலையாத கறுப்புக் காற்சட்டை, படிய வாரிய தலைமயிர். மிளகுக் கொடிக்குக் கீழே வந்ததும் குனிந்து போகச் சொல்வார். கறுவாப் பட்டையை நகத்தால் சுரண்டி விருந்தாளியின் மூக்கருகில் பிடிப்பார். இடது கையை உயர்த்தி மரத்திலிருக்கிற சாதிக்காயைக் காட்டுவார். பிறகு ஒன்றைப் பிளந்து உள்ளேயிருக்கிற சிவப்புச் சாதிபத்திரியைக் காட்டும்போது எல்லோரும் ஒரே குரலில் வியப்பார்கள். அந்த வியப்புக்காக அவர் ஒவ்வொரு முறையும் அரை நொடி காத்து நிற்பார் என்று கூட வேலை செய்த சுந்தரலிங்கம் சொல்வார்.

கடைசியில் எல்லோரையும் கொட்டிலில் வாங்கு போட்டு உட்கார்த்தி, சீனி போடாத மசாலாத் தேநீர் கொடுத்து, தோட்டத்து எண்ணெய், தைலங்களைப் பற்றிச் சொல்வார். நம்முடைய பெயர்கள் வெள்ளைக்காரர் வாயில் நுழையாது. ஆகவே எல்லாவற்றுக்கும் நம்பர். மூன்று வயிற்றுக்கு. ஐந்து தலையிடிக்கு. எட்டு முதுகு நோவுக்கு. விருந்தாளி நோயைச் சொன்னால் இவர் நம்பரைச் சொல்வார், கவுண்டரில் நிற்கிற பெண் அந்தப் போத்தலை எடுத்து வைப்பாள். முப்பத்தொரு வருசத்தில் உடம்பின் ஒவ்வொரு நோவும் அவருக்கு ஒரு நம்பர் ஆகிவிட்டது.

அவருடைய மனைவி நாச்சியா அந்தத் தோட்டத்துக்குள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. வழிகாட்டியின் பெண்சாதிக்கு அங்கே என்ன வேலை? அதோடு அவள் மாத்தளையில் இருந்த காலமும் குறைவு. நோயாளர் பராமரிப்பில் ஆறு மாதம் படித்து, சான்றிதழ் வாங்கி, குவைத்துக்குப் போய்ப் பதினொரு வருசம் படுக்கையில் கிடந்தவர்களைக் கழுவித் துடைத்துத் திருப்பிப் போட்டாள். அந்தக் காசில்தான் கொங்காவெல வீட்டுக்குக் கூரை ஏறியது, மகள் அம்றா படித்தாள். லீவில் வரும்போதெல்லாம் ரவூப் சொல்வார்:

"ஒனக்கும் ஒருநாள் சுத்திக் காட்டுறன்."

"டிக்கட் எடுக்கணுமா?"

"தேவல்ல. ஆனா கடைசில ஒரு போத்தல் வாங்காம வெளிய விடமாட்டன்."

அந்த ஒருநாள் வரவில்லை. அவள் ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்து ஐந்து வருசமாகியும் வரவில்லை. பக்கத்தில் இருக்கிற இடத்தை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று விட்டுவிடுவதுதானே.

ஓகஸ்ட் மாதம், கண்டிப் பெரஹெராத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் வேன் வேனாகத் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த நாளொன்றில், மிளகுக் கொடிக்குக் கீழே ரவூப் விழுந்தார். பாரிசவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது.

முழுவதும் போகவில்லை, அதுதான் கொடுமை. ஆயிரந்தடவை சொன்ன சொற்கள் மூளையில் வேறொரு மூலையில் தங்கிவிடும், புதிதாக யோசித்துச் சொல்ல வேண்டியதுதான் வராது என்று கிளினிக்கில் ஒரு பிள்ளை விளக்கினாள். நாச்சியாவுக்கு அது தெரிந்ததுதான். குவைத்தில் ஒரு கிழவர் தொழுகையை ஒரு எழுத்துப் பிசகாமல் ஓதுவார், தண்ணீர் கேட்க வராது. ரவூபுக்கு மிஞ்சியது தோட்டத்துப் பேச்சு. நாச்சியா அறைக்குள் வந்தால் "டிஸ் வே ப்ளீஸ்" என்பார். சோற்றைக் கண்டால் "ஸ்மெல் ப்ளீஸ்". தேத்தண்ணீர்க் கோப்பையைக் கண்டால் "நோ சுகர்". நாற்பது வருசம் கூப்பிட்ட பெண்சாதியின் பெயர் வரவில்லை.

நாச்சியா அழுதுகொண்டு உட்காரவில்லை. அழுகிறவள் கையில் நோயாளி நாறிப்போவான் என்பது அவள் கண்டு பழகிய விசயம். இரண்டு மணித்தியாலத்துக்கொருமுறை திருப்பிப் போட்டாள். ஒரு பயிற்சிக் கொப்பியில் கோடு போட்டு, சாப்பாடு, மருந்து, மலசலம், பிரசர், சீனி எல்லாவற்றையும் எழுதினாள். பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்கள், "கல்லு மாதிரி நிக்கிறாவே" என்று அடுப்படியில் குசுகுசுத்ததும் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டாள். அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். அவர் ஏதாவது கேட்டு, அது தனக்கு விளங்காமல் போய்விடக் கூடாது. குவைத்துக் கிழவர் கடைசி நாள் முழுக்க ஏதோ கேட்டுக் கேட்டுச் செத்தார். என்ன கேட்டார் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் சுந்தரலிங்கம் பார்க்க வந்து கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்திருந்தார். ரவூப் திரும்பத் திரும்ப "நம்பர் எய்ட், நம்பர் எய்ட்" என்றார்.

"காலையில இருந்து இதத்தான் செல்லுறாரு. பழைய ஞாபகம்" என்றாள் நாச்சியா.

ரவூபை அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடுகிற சுந்தரலிங்கம் எழும்பிவிட்டார். "அக்கா, எட்டுன்னா முதுகு. நானாவுக்கு முதுகு நோவுது. திருப்பிப் பாருங்க."

திருப்பிப் பார்த்தாள். இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டுகிற இடத்தில், ஐந்து ரூபாய்க் குற்றியளவு சிவந்திருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் புண்ணாகியிருக்கும்.

"அடப்பாவி மனுசா, எனக்கே யாவாரமா?" என்று சொல்லிக்கொண்டே துடைத்து மருந்து போட்டாள். ரவூப் அவளைப் பார்த்து, விருந்தாளி சரியாக விளங்கிக்கொண்டால் தலையசைப்பாரே, அப்படி ஒரு அசைப்பு அசைத்தார். விழுந்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு வீடு நம்பரில் நடந்தது. மூன்று என்றால் வயிறு, ஐந்து என்றால் தலை. சுந்தரலிங்கம் சொல்லிவிட்டுப் போனது ஏழெட்டு நம்பர்தான். மீதிக்கு லிஸ்ட் கொண்டுவருகிறேன் என்றார். ஆனால் தோட்டம் கைமாறி, புது முதலாளி லீவு கொடுக்காமல், அவரால் வர முடியவில்லை. ஜனவரியில் அம்றாதான் கொண்டுவந்தாள். அவள் கலேவெலயில் கலியாணம் முடித்து, அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். மாத்தளைக்கு வரும் வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாப்பா வேலை செய்த தோட்டத்துக்குப் போய், கவுண்டரில் இருந்த பளபளப்பான கடதாசி ஒன்றை வாங்கி, டவுனில் லெமினேட் செய்து, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் டேப் போட்டு ஒட்டினாள்.

"வாப்பாட பாஷைக்கு அகராதி, உம்மா."

"நேரா ஒட்டு புள்ள. சரிஞ்சிரிக்கி."

ஒன்றிலிருந்து இருபத்திரண்டு வரை. மூன்றும் ஐந்தும் எட்டும் சொன்னபடியே இருந்தன. நாச்சியா முழுவதையும் கொப்பியிலும் எழுதி வைத்தாள். மனதில் பெரிய பாரம் இறங்கியது. இனி அவர் எதைக் கேட்டாலும் தனக்கு விளங்கும்.

ஏப்ரல் விடுமுறைக்கு அம்றாவும் மருமகன் றினோஸும் வந்தார்கள். மாத்தளையில் அந்த நாட்களில் உள்ளூர்ச் சனத்தின் உல்லாசப் பயணம் அமர்க்களமாக நடக்கும். அலுவிகாரையில் வாகனம் நிறுத்த இடமிருக்காது. எல்கடுவைக்கு மேலே செம்புவத்தக் குளத்துக்கு வேன்கள் வரிசை கட்டி ஏறும். வாப்பாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போவோம் என்று அம்றா சொன்னாள்.

"எட்டு மாசமா இந்தச் சுவரையே பாத்துக்கொண்டு கிடக்கிறாரு உம்மா. காத்துப் படட்டும்."

அம்றா இதைச் சொன்னது வியாழக்கிழமை. அன்று காலையில்தான் ரவூப் புது நம்பர் ஒன்றைச் சொல்லியிருந்தார்.

"நம்பர் லெவன்."

நாச்சியா சுவரைப் பார்த்தாள். பதினொன்று: தலைமயிர் வளர எண்ணெய். சிரிப்பு வந்துவிட்டது.

"அறுவத்தெட்டு வயசு. மாப்பிள்ளை மாதிரி தலைக்கு எண்ணெய் கேக்குறாரு. எங்க வேணும்? காட்டுங்க பாப்பம்."

இடது கை மெல்ல எழும்பி மேலே போனது. விழுந்ததிலிருந்து எதைக் காட்டச் சொன்னாலும் அந்தக் கை மேலேதான் போகும், மரத்தைக் காட்டிய பழக்கத்தில். அது நாச்சியாவுக்குத் தெரியும். தெரிந்தும், நம்பரும் கையும் ஒத்துப்போனபடியால் அவள் அதை யோசிக்கவில்லை. அம்றா அந்தக் கடதாசியோடு வாங்கி வந்திருந்த போத்தல்களில் பதினொன்றைத் திறந்து, உச்சியிலிருந்து காது வரை தேய்த்துவிட்டாள். அவர் கண்கள் நிறைந்து வழிந்தன. எண்ணெய் பட்ட சுகமென்று நினைத்தாள். முந்தியெல்லாம் கண்ணாடிக்கு முன்னால் கால் மணித்தியாலம் நிற்கிற மனிதர்.

"நம்பர் லெவன்" என்றார் மறுபடி.

"வெச்சாச்சி. இன்னும் வெச்சா தலகாணி எல்லாம் எண்ணெய்."

வெள்ளிக்கிழமையும் கேட்டார், இரண்டு தரம். இரண்டு தரமும் தேய்த்தாள். கொப்பியிலும் எழுதினாள். அன்று அவருக்குச் சாப்பாடு குறைவு, கழுத்தில் வேர்வை. சித்திரை வெயில், அறை புழுங்குகிறது என்று ஃபேனைத் திருப்பிவிட்டாள். பிரசர் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதையும் எழுதினாள். படிக்காத ஒருத்தி என்றால் முகத்தைப் பார்த்துப் பயந்து ஆட்டோ பிடித்திருப்பாள். கொப்பி வைத்திருக்கிறவள் கொப்பியைத்தான் பார்ப்பாள்.

சனிக்கிழமை காலையில் வேன் பிடித்துப் போனார்கள். ஒடுங்கிய பாதை, வளைவுக்கு வளைவு ஹோர்ன். தோட்டத் தொழிலாளர் லயங்களின் முன்னால் கொடியில் துணி காய்ந்தது. மேலே ஏறியதும் குளிர் இறங்கியது. நாச்சியா அவருக்குக் கம்பளித் தொப்பி போட்டாள்.

குளத்தங்கரையில் வீல்செயாரை வைத்தார்கள். பச்சைத் தண்ணீர், சுற்றிவரத் தேயிலை, ஒரு பக்கம் சைப்பிரஸ் மரங்கள். படகுக்கு வரிசையில் சனம் நின்றது. குளிப்புத் தடாகத்தில் குருநாகலிலிருந்து வந்த பிள்ளைகள் கூச்சல் போட்டன. றினோஸ் படம் எடுத்தான். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரச் சோடி பாயை விரித்து உட்கார்ந்திருந்தது.

அவர்களைக் கண்டதும் ரவூப் நிமிர்ந்தார். இடது கை எழும்பியது. "டிஸ் வே ப்ளீஸ்" என்று தொடங்கினார். பிறகு எட்டு மாதமாக வராதது எல்லாம் வந்தது. மிளகு, கறுவா, கராம்பு, ஏலம், ஒன்றன்பின் ஒன்றாக, வழுக்காமல், அந்தப் பழைய வழிகாட்டிக் குரலில். சைப்பிரஸ் மரத்தைக் காட்டி அதிலே சாதிக்காய் இருக்கிறதென்று சொன்னார். தேயிலைச் செடியைக் காட்டி வனிலா என்றார். சாதிபத்திரி வந்த இடத்தில் அரை நொடி நிறுத்தினார். அந்தச் சோடிக்கு என்ன விளங்கியதோ, நல்ல பிள்ளைகள், "ஆ" என்றார்கள்.

அம்றா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாச்சியா வீல்செயாருக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து, விருந்தாளி மாதிரி நின்று, கேட்டாள். அவர் சொன்ன வாக்கு இதுதானே. முப்பத்தொரு வருசம் அவர் என்ன செய்தார் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கெட்டிக்காரன்தான் என்று நினைத்தாள்.

எல்லாம் முடிந்து அவர் மூச்சு வாங்கினார். நெற்றி வேர்த்து, உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. குளத்துக் காற்றில் மற்றவர்கள் நடுங்கிக்கொண்டிருந்தபோது இவருக்கு வேர்த்தது. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பாரிசவாதம் வந்த மனிதரின் பிடியென்று நம்ப முடியாத பிடி.

"நம்பர் லெவன்."

"சரி, சரி. கொண்டுவந்திரிக்கேன்."

"நம்பர் லெவன் ப்ளீஸ்."

தொப்பியைக் கழற்றி, கைப்பையிலிருந்த சின்னப் போத்தலை எடுத்து, சனத்துக்கு முன்னாலேயே தலையில் எண்ணெய் தேய்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிடியை விட்டார். கண்ணை மூடினார். ஒரு விருந்தாளிக்கு எத்தனை சொல்லியும் விளங்காவிட்டால், சிரித்துவிட்டு அடுத்த செடிக்குப் போகிற மாதிரி.

திரும்பி இறங்கும்போது, எல்கடுவைச் சந்திக்கு முன்னால், அவர் தலை நாச்சியாவின் தோளில் சாய்ந்தது. நித்திரை என்று அம்றா சொன்னாள். நாச்சியா இரண்டு விரலைக் கழுத்தில் வைத்துப் பார்த்தாள். "வேன நிப்பாட்டச் செல்லு" என்றாள். சீட்டைச் சரித்து, நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். ஆஸ்பத்திரி வாசல் வரை அழுத்தினாள். அவருடைய தலை எண்ணெய் அவள் ஹபாயாவின் தோளில் ஒரு பெரிய வட்டமாக ஊறியிருந்தது.

மாரடைப்பு என்றார் டொக்டர். "ரெண்டு மூணு நாளாவே இருந்திருக்கும். நெஞ்சில நோவு எண்டு ஏதும் காட்டினாரா?"

"வாப்பாக்குப் பேச ஏலாது டொக்டர்" என்றாள் அம்றா.

நாச்சியா நேராக நின்று சொன்னாள்: "நெஞ்செண்டா பன்னெண்டு. அவர் பன்னெண்டு செல்லவே இல்ல."

டொக்டருக்கு அது விளங்கவில்லை. துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்திருப்பார்.

அடக்கம் முடிந்தது. நாச்சியா இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் அறைக்குள் இருக்க வேண்டும். பத்தாம் நாள் சுந்தரலிங்கம் வந்தார். ஹோலில் கதிரையில் அவர். அறை வாசலில் தொங்கிய திரைக்கு இந்தப் பக்கம் அவள். அம்றா தேத்தண்ணீர் ஊற்ற அடுப்படிக்குப் போயிருந்தாள்.

"நா வந்து பாக்கவே இல்லக்கா. லீவு கேட்டா வேலைய விட்டு நின்னுக்க சொல்றான் புது ஆளு. கடைசியா நானா ஏதும் சொன்னாரா?"

"நம்பர்தான். லெவன், லெவன் எண்டு மூணு நாளாச் செல்லிக்கொண்டிருந்தாரு. நானும் விட்டுட்டு இரிக்கல்ல, கேக்கக் கேக்கத் தலைக்கு எண்ணெய் வெச்சன்."

திரைக்கு அந்தப் பக்கம் கதிரை ஒருமுறை கிரீச்சிட்டது.

"அக்கா." குரல் தணிந்திருந்தது. "எந்த லிஸ்ட்ட பாத்தீங்க?"

"அம்றா கொண்டுவந்தது. ஜனவரில."

"புது முதலாளி தலைமயிர் எண்ணெய்ய புதுசா போட்டாரு. பதினொண்ணுல. மத்ததெல்லாம் ஒண்ணு ஒண்ணா கீழ தள்ளிருச்சு. பத்து வரைக்கும்தான் பழசு. நானா அத வெச்சு வேலை செய்யவே இல்லியே. அவருக்கு லெவன்னா..."

"நெஞ்சு" என்றாள் நாச்சியா.

சுவரிலிருந்த லிஸ்ட்டை அவள் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். பன்னிரண்டு: நெஞ்சுத் தைலம். ஒரு வரி. ஒரே ஒரு வரி கீழே. வியாழன் காலை. வெள்ளி இரண்டு தரம். சனி குளத்தங்கரையில், ப்ளீஸ் போட்டு. மூன்று நாளும் அவர் பிழையில்லாமல் சொல்லியிருக்கிறார்.

அடுப்படியில் கோப்பைச் சத்தம் கேட்டது. நாச்சியா திரைக்கு மிக அருகில் வந்தாள்.

"சுந்தரலிங்கம் தம்பி. அம்றாக்கிட்ட ஒண்டும் செல்ல வேணாம். ஒங்கட பிள்ளைகளுக்காகக் கேக்கிறன்."

"சரிக்கா."

அம்றா தட்டத்தோடு வந்தாள். "என்ன அங்கிள், பேசாம இருக்கீங்க?"

"நானாட தலைமயிர பத்தித்தான், மகள், பேசினோம்" என்றார் சுந்தரலிங்கம். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சீப்பு இல்லாம தோட்டத்துக்குள்ள கால் வைக்க மாட்டாரு. மழையில நனைஞ்சா விருந்தாளிகளை நிக்க வெச்சிட்டு தலை சீவுவாரு."

அம்றா சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். "கடைசி வரைக்கும் எண்ணெய்தான் கேட்டாரு அங்கிள். நல்ல காலம், உம்மாக்கு விளங்கிச்சி. கேட்டதக் குடுத்தாங்க."

திரைக்குப் பின்னால் நாச்சியா கட்டிலில் உட்கார்ந்தாள். டொக்டரிடம் போய், வியாழக்கிழமையே கொண்டுவந்திருந்தால் என்று கேட்கலாம். அவள் கேட்கவில்லை. டொக்டர்மார் அதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். கொண்டுவந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்கிற அந்த ஆறுதலை அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

இத்தா முடிந்த பிறகு அம்றா அறையை ஒதுக்க வந்தாள். கட்டிலைக் கழற்றினார்கள். வீல்செயார் பள்ளிவாசலுக்குப் போனது. பழைய கொப்பிகளை நாச்சியா ஏற்கெனவே அடுப்பில் வைத்து எரித்திருந்தாள். கடைசியில் சுவரில் அந்த லிஸ்ட் மட்டும் இருந்தது. நாலு மாதமாக அவள் அதற்கு எதிரேதான் தொழுதாள், படுத்தாள், எழும்பினாள். கழற்றினால் ஏன் என்று கேட்பாள் மகள். அதனால் கழற்றவில்லை.

"உம்மா, இத நான் கொண்டுபோகவா? கண்ணாடி போட்டு ஹோல்ல மாட்டணும். வாப்பா கடைசியாப் பேசினதெல்லாம் இதுல இரிக்கி."

சொல்லிவிடலாம். பிழை அம்றாவுடையதல்ல, கவுண்டரில் கொடுத்ததைத்தான் வாங்கி வந்தாள். ஆனால் சொன்னால் அவள் அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்வாள். அப்படிப்பட்ட பிள்ளை. இந்தப் பாரத்தை இரண்டு பேர் தூக்கினால் பாதியாகாது, இரண்டாகும்.

நாச்சியா கதிரையில் ஏறி, நாலு மூலையிலும் டேப்பை நகத்தால் கிளப்பி, லிஸ்ட்டை எடுத்தாள். பதினோராம் நம்பருக்கு மேலே எண்ணெய் விரல் பட்ட கறை இருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை, இன்னொருமுறை துடைத்தாள். பழைய பேப்பரில் வைத்துச் சுற்றி, மகளின் கையில் கொடுத்தாள்.

"பஸ்ஸில நேரா வெச்சுக்கொண்டு போ" என்றாள். "மடிச்சா எழுத்து போயிரும்."